நாப்பத்திமூணு சவரப் பிரஷ்

வாங்க கண்ணு, பாத்து ஏறுங்க, கடைசிப் படி கொஞ்சம் ஒசரம். இதுதான் ரூமு. ஜன்னல் கிழக்கால பாத்திருக்குது, காத்து நல்லா வரும். பாத்ரூம் அந்தப் பக்கம். உக்காருங்க, நானும் உக்காந்துக்கறேன், முட்டிவலி.

எதுங்க, அந்தப் பலகையா? வர்றவங்கெல்லாம் அதைத்தான் கேக்கறாங்க. உங்களுக்கு முன்னால ஒரு நர்ஸம்மா வந்தாங்க, அவங்களும் உள்ள வந்ததும் வராததுமா, பலகையில எதுக்குங்க வரிசையா இத்தனை ஓட்டைன்னு கேட்டாங்க. கழட்டிப் போடலாம்னு பாத்தா செவுத்தோட போல்ட் போட்டு முறுக்கி வெச்சிருக்காரு எங்க வீட்டுக்காரரு. மில்லுல முப்பத்தஞ்சு வருசம் ஃபிட்டரா இருந்தவராச்சே. ஒண்ணை மாட்டினார்னா அவரே நெனைச்சாத்தான் கழட்ட முடியும்.

சொல்லிடறேன். மறைச்சு வெச்சு, நாளைக்கு நீங்க குடிவந்த பொறகு பக்கத்து வீட்டுக்காரங்க சொல்லித் தெரியறதுக்கு, நானே சொல்லிடறேன். அந்த ஓட்டையில எல்லாம் சவரப் பிரஷ்ஷு தொங்கிட்டிருந்துச்சுங்க. ஆம்பளைங்க மூஞ்சியில சோப்பு நுரை தேய்ப்பாங்கல்ல, அந்தப் பிரஷ்ஷு. தலைகீழா, முடி கீழ பாக்க. வவ்வால் மாதிரி.

கடையில விக்கற புதுசுன்னா ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேன். பழசு. அம்பது வருசம், எழுபது வருசப் பழசு. யாரோ, எவரோ, எங்கியோ இருந்து செத்துப் போனவங்க மூஞ்சியில தேய்ச்சது. அதை வாங்கிட்டு வந்து, ஊற வெச்சு, முடியைப் புடுங்கி, புது முடி வெச்சு ஒட்டி, பளபளன்னு பண்ணி வெக்கறதுதான் இவரு வேலை. ரிட்டையர் ஆனதுல இருந்து ரெண்டு வருசம் இதே பொழப்பு. மத்த ஆம்பளைங்க ரிட்டையர் ஆனா கோயிலுக்குப் போறாங்க, வாக்கிங் போறாங்க. எனக்கு வாய்ச்சவரு செத்தவன் சவர சாமானோட குடித்தனம் பண்ணினாரு.

ஆரம்பிச்சது ஒரு பழைய இரும்புக்கடையில. ஃபேனுக்கு என்னமோ உதிரி தேடிப் போனவரு, கையில ஒரு பிரஷ்ஷோட வந்தாரு. கைப்பிடி மஞ்சளா, தேன் நெறத்துல இருந்துச்சு. முடி பாதி கொட்டிப்போய், அடியில சோப்பு காஞ்சு பச்சையாப் பூத்திருக்குது. "சுலோ, பாரு, லேத்துல என்னவொரு கடைசல்"னு மூஞ்சிக்கு முன்னால நீட்டறாரு. நான் அப்பத்தான் தயிர் கடைஞ்சுட்டிருந்தேன். அன்னிக்கு மோரு நான் குடிக்கலைங்க.

அது எப்படிப் பண்ணுவாரு தெரியுமா? வெந்நீர்ல வினிகரை ஊத்தி ஊறப் போடுவாரு. ஒரு ராத்திரி ஊறுனா, காத்தால அந்தத் தண்ணியில பழைய சோப்பெல்லாம் தோலு உரிஞ்ச மாதிரி மெதக்கும். அதுக்குள்ள துண்டு துண்டா முடி. மூஞ்சி முடியா, பிரஷ் முடியான்னு யாருக்குத் தெரியும்? அப்புறம் ஒரு குறடை வெச்சு அந்தக் குஞ்சத்தைப் புடுங்குவாரு. பிரஷ் முடியை அவரு குஞ்சம்னுதான் சொல்லுவாரு, என்னமோ புள்ளை ஜடைக்குக் கட்டற மாதிரி. புடுங்குனா உள்ள இருந்து ஒரு பசை நாத்தம் வரும் பாருங்க. எலி செத்த நாத்தம்கூட ரெண்டு நாள்ல போயிரும்.

சரி, பழசுதான் அப்படின்னா புதுக் குஞ்சம் அதுக்கு மேல. தபால்ல ஒரு பொட்டி வந்துச்சு. எனக்கு வந்த ஜாக்கெட் துணியாக்கும்னு பிரிச்சுட்டேன். உள்ள கொத்துக் கொத்தா முடி! ஓன்னு கத்திட்டேன். ஒரு கொத்து பன்னி முடி. பேட்ஜராமா, வெளிநாட்டுல மண்ணைத் தோண்டிட்டுக் கெடக்குற ஒரு மிருகமாம், ஒரு கொத்து அதோட முடி. இன்னொண்ணு குதிரை வாலு. என் வீட்டு டைனிங் டேபிள் மேல பன்னியும் குதிரையும். அந்தப் பன்னி முடி நனைஞ்சா எப்படி நாறும்னு கேக்காதீங்க.

கடைசியில என்ன பண்ணுவாருன்னு நெனைக்கறீங்க? எல்லாம் முடிஞ்சதும் நல்லா நுரைக்குதான்னு பாக்கணும்ல? தன் மூஞ்சியிலயே போட்டுப் பாப்பாரு. எவனோ செத்தவன் புடிச்ச கைப்பிடியைப் புடிச்சுக்கிட்டு, கண்ணாடி முன்னால நின்னு, கன்னம் ரெண்டுலயும் வட்டம் வட்டமா. அதுல ஒரு சிரிப்பு வேற. அந்த மூஞ்சியோட வந்து எனக்கு முன்னால தட்டுப் போட்டு உக்காருவாரு. நான் எப்படி கண்ணு சோறுண்ணுவேன்? ஒரு மாசம் பொறுத்தேன். அப்புறம் அவருக்குத் தனி பக்கெட், தனி துண்டு, தனி டம்ளர். படுக்கையும் தனி. தலகாணியை எடுத்துக்கிட்டு இந்த ரூமுக்கு வந்துட்டாரு.

எனக்கு இந்த மாதிரி அசிங்கம் சின்ன வயசுல இருந்தே ஆகாது. எங்கம்மா படுக்கையில கெடந்தப்பக்கூட ஆள் வெச்சுத்தான் பாத்தேன். அம்மா மேல பாசம் இல்லாம இல்ல. வாசப்படிகிட்ட நின்னு தெனமும் பேசிட்டுத்தான் போவேன். உள்ள போய்த் தொடறதுக்குத்தான் முடியல. சில பேருக்கு உடம்பு அப்படி.

இதுல ஜனங்க வேற வர ஆரம்பிச்சுட்டாங்க. சிகாமணி சார் பிரஷ் சரி பண்ணுவாராமேன்னு எங்கெங்கிருந்தோ. இவரும் வாங்க வாங்கன்னு. அலமாரி, ஜன்னல்கட்டை, எல்லாம் பிரஷ்ஷு. கடைசியா நான் எண்ணினப்ப நாப்பத்திமூணு.

போன புரட்டாசியில குணசீலன்னு ஒருத்தரு வந்தாரு. பேங்குல வேலை, ரெண்டு தெரு தள்ளி வீடு. கையில ஒரு பிரஷ்ஷை கர்ச்சீப்புல சுத்திக்கிட்டு வந்தாரு. அவங்கப்பா சூசைமாணிக்கம், மிலிட்டரியில சுபேதாரா இருந்தவராமா. எம்பத்திநாலு வயசு. பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்து போச்சு, பேச்சும் போச்சு. நான் மாடிப்படியில நின்னு கேட்டுட்டுத்தான் இருந்தேன்.

"அறுபது வருசமா காத்தால ஆறு மணிக்கு சவரம் பண்ணினவருங்க. ஒரு நாள் விட்டதில்ல. இப்ப யாரையும் மூஞ்சிகிட்ட விட மாட்டேங்கறாரு. சலூன்ல இருந்து ஆள் வந்து மெஷினைப் போட்டா கையால தட்டி விடறாரு. புது பிரஷ் வாங்கிட்டுப் போனேன், தடவிப் பாத்துட்டு வீசி எறிஞ்சுட்டாரு. தாடி முளைச்சு அரிக்குது. சொறிஞ்சு சொறிஞ்சு புண்ணு. இது அவரோடது, முடி மொத்தமாக் கொட்டிப் போச்சு. இதைச் சரி பண்ணிக் குடுத்தீங்கன்னா ஒருவேளை..." அப்படின்னு நிறுத்திட்டாரு.

இவரு அந்தக் கைப்பிடியைத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. அடியில நம்பர் செதுக்கியிருந்துச்சு, மிலிட்டரி நம்பரு. "குடுங்க, பண்ணிடலாம்"னாரு.

அந்த ஒரு பிரஷ்ஷுக்கு மனுசன் ஒரு மாசம் உக்காந்தாருங்க. வெரிசல் விட்டிருந்துச்சாம், அதை அடைச்சு, காய வெச்சு, தேய்ச்சு. நம்பரு அழிஞ்சுரக் கூடாதுன்னு அந்த எடத்தை மட்டும் பல்லு தேய்க்கிற பிரஷ்ஷால. குஞ்சம் மூணு தடவை வெச்சுப் பாத்து, ஒசரம் சரியில்லன்னு மூணு தடவையும் எடுத்தாரு. என் பொண்ணு சிந்துஜா அப்ப ஏழு மாசம். வளைகாப்புக்கு நாள் குறிச்சாச்சு, பந்தலுக்குச் சொல்லணும், சமையலுக்குச் சொல்லணும். நான் ஒத்தையில அல்லாடறேன், இவரு மேல உக்காந்து செத்த முடிக்குச் சீப்பு போடறாரு.

எங்க சம்பந்தியம்மாவைப் பத்திச் சொல்லணும் கண்ணு. சுத்தம்னா அப்படி ஒரு சுத்தம். என்னையே மிஞ்சிருவாங்க. அதுக்கு முன்னால ஒரு தடவை வந்தப்ப, கை கழுவப் பாத்ரூமுக்குள்ள போனவங்க அப்படியே திரும்பி வந்துட்டாங்க. மக்குக்குள்ள பிரஷ்ஷு ஊறுது. என்னைப் பாத்து, "என்னங்க, உங்க வீட்டுல எலி ஏதாச்சும் விழுந்து கெடக்குதா?"ன்னு கேட்டாங்க. நான் அந்த எடத்துலயே செத்துட்டேன்.

அதுதான் வளைகாப்பு அன்னிக்கு முடிவு பண்ணிட்டேன். ஒறம்பரை, சொந்தபந்தம்னு நூறு பேரு வர்ற எடத்துல, பொம்பளைங்க பை வெக்க, பொடவை மாத்த மாடிக்குத்தான் வருவாங்க. காத்தால ஆறரைக்கு இவரு பூ வாங்க மார்க்கெட் போயிருந்தாரு. ஒரு சாக்கை எடுத்துட்டு வந்தேன். கையில பிளாஸ்டிக் கவர் மாட்டிக்கிட்டு, மூச்சை அடக்கிக்கிட்டு, ஒண்ணொண்ணா உருவிப் போட்டேன். பாட்டில், முடிப் பாக்கெட்டு, பசை, எல்லாம். ஏழு மணிக்குப் பாட்டுப் போட்டுக்கிட்டு மாநகராட்சிக் குப்பை வண்டி வந்துச்சு. தூக்கிப் போட்டாச்சு. பினாயில் ஊத்தி ரூமைக் கழுவி, சாம்பிராணி போட்டேன். ரெண்டு வருசத்துல அன்னிக்குத்தாங்க இந்த வீட்டுல நல்லா மூச்சு விட்டேன்.

சுபேதாரு பிரஷ்ஷும் அதுல இருந்துச்சான்னு கேக்கறீங்களா? இருந்துச்சு. பாத்தேன். புதுசு மாதிரி மின்னுச்சு. இதை மட்டும் வெக்கலாமான்னு ஒரு நிமிசம் கையில வெச்சுக்கிட்டு நின்னேன்தான். ஆனா ஒண்ணுக்கு எடம் குடுத்தா மறுபடி நாப்பத்திமூணாயிரும்ல? போட்டுட்டேன்.

பத்தரை மணிக்கு நல்ல நேரம். சிந்துஜா மணையில உக்காந்திருக்கா, சம்பந்தியம்மா சந்தனக் கிண்ணம் எடுத்தாச்சு. இவரு கையில வளையல் தட்டு. அப்ப என்னமோ நெனைச்சுக்கிட்டு, "இரு, குணசீலன் சாயங்காலம் வருவாரு, பிரஷ்ஷைக் கீழ எடுத்து வெச்சுடறேன்"னு மாடிக்குப் போனாரு. எறங்கி வந்தாரு. எங்கிட்ட வந்து காதோரமா, "சுலோ, பலகையில இருந்ததெல்லாம் எங்க?"

"சுத்தம் பண்ணியாச்சு."

"சுத்தம்னா?"

"வண்டியில போட்டாச்சு. இப்ப அதுக்கா நேரம்? தட்டைக் குடுங்க."

குடுத்தாரு. தட்டை எங்கையில குடுத்துட்டு, செருப்பை மாட்டிக்கிட்டு, பட்டுக்கரை வேட்டியோட, நெத்தியில விபூதியோட, வாசல்ல எறங்கிப் போயிட்டாரு. மழை தூறிட்டு இருக்குது. பொண்ணைப் பெத்தவன், வளைகாப்புல, சபையில இருந்து எந்திரிச்சு! சம்பந்தியம்மா, "உங்க வீட்டுக்காரரு எங்கீங்க?"ன்னு கேக்கறாங்க. "ஐஸ்கிரீம் வரலைன்னு பாக்கப் போயிருக்காரு"ன்னேன்.

எங்க போனாருன்னு அப்ப எனக்குத் தெரியாது. வார்டு குப்பையெல்லாம் கொண்டு போய் தரம் பிரிக்கிற ஷெட்டு ஒண்ணு இருக்குதுங்க, அங்க போயிருக்காரு. வேலை செய்யறவங்கிட்டக் கேட்டு, கையால குப்பையைத் தோண்டியிருக்காரு. கையால! அழுகின சோறு, குழந்தைங்க துணி, மீன் கழிவு. நாலு மணி நேரம்.

பந்தி முடிஞ்சு, வெத்தலை பாக்கு குடுத்துட்டிருக்கோம். ஆம்பளைங்க பந்தல்ல உக்காந்திருக்காங்க, என் பெரியண்ணன் உள்பட. தெருவுல பாட்டுச் சத்தம் கேக்குது. குப்பை வண்டிப் பாட்டு. இந்த நேரத்துல என்னடா வண்டின்னு எல்லாரும் திரும்பறாங்க. நேரா எங்க பந்தலுக்கு முன்னால வந்து நிக்குது. ஓட்டிட்டு வந்த பொம்பளைக்குப் பக்கத்து சீட்டுல எங்க வீட்டுக்காரரு. பட்டுக்கரை வேட்டி கறுப்பாயிருச்சு. முழங்கை வரைக்கும் என்னமோ வழியுது. மடியில ஒரு சட்டி. வண்டியை விட்டு எறங்கி, அந்தப் பொம்பளையைப் பாத்துக் கும்பிடறாரு. அதும் கும்பிடுது. அப்புறம் சபைக்கு நடுவுல நடந்து, சந்தனம் தெளிச்ச வாசல்ல குப்பைத் தண்ணி சொட்டச் சொட்ட...

எனக்கு அந்த நாத்தம் இன்னும் மூக்குலயே இருக்குது. சம்பந்தியம்மா முந்தானையால மூக்கைப் பொத்திக்கிட்டு எந்திரிச்சுட்டாங்க.

சட்டியில பதினோரு பிரஷ்ஷு இருந்துச்சு. சுபேதாரோடது இல்ல. அது இருந்த லோடு அரைக்கிற மெஷினுக்குப் போயிருச்சாம்.

கத்துவாருன்னு நெனைச்சேன். கத்தியிருந்தா நானும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன், அதோட முடிஞ்சிருக்கும். கத்தல. குளிச்சாரு. சாயங்காலம் சட்டையை மாட்டிக்கிட்டு வெளிய போனாரு. சிந்துஜா கையில வளையல் குலுங்க எங்கிட்ட வந்து, "அம்மா, நீ பண்ணுனது தப்பு"ங்கறா. யாருக்காகப் பண்ணுனேன்? அவளுக்காகத்தான். பெத்து வளத்ததுக்கு அவளும் அப்பன் பக்கம்.

மறுநாள்ல இருந்து ஒரு வாரம், அந்தப் பதினொண்ணையும் கழுவி உடையவங்ககிட்டக் குடுத்துட்டு வந்தாரு. மத்தவங்ககிட்டப் போய்ப் போய் மன்னிப்புக் கேட்டாரு. மிச்சமிருந்த, கைப்பிடி குடையற டிரில் மெஷினை யாரோ பாலிடெக்னிக் பசங்களுக்குக் குடுத்துட்டாரு. இந்த ரூமை அவரே காலி பண்ணுனாரு கண்ணு. நான் சொல்லவே இல்ல. எனக்கு நிம்மதிதான். அப்பாடா, ஒழிஞ்சுதுன்னு இருந்தேன்.

ஆனா ஒண்ணு. தெனமும் காத்தால அஞ்சே முக்காலுக்கு ஒரு துணிப்பையை எடுத்துக்கிட்டு ஸ்கூட்டர்ல போவாரு. ஏழரைக்கு வருவாரு. எங்க போறீங்கன்னா, "ஒருத்தரைப் பாக்க"ம்பாரு. அவ்வளவுதான். நான் கோயிலாக்கும்னு நெனைச்சேன்.

கார்த்திகையில பெரியண்ணன் போன் பண்ணினாரு. "என்ன சுலோச்சனா, மாப்பிள்ளை கத்தி புடிக்க ஆரம்பிச்சுட்டாராமா? இனி நம்ம வீட்டு விசேசத்துக்கு ஆள் தேட வேண்டியதில்ல போலிருக்குது"ன்னு சிரிக்கறாரு. சுபேதாரு வீட்டுக்குப் பக்கத்துல அண்ணனுக்குத் தெரிஞ்சவரு யாரோ பாத்திருக்காங்க. தெனமும் போய் அந்தக் கெழவருக்கு இவரு சவரம் பண்ணி விடறாராம்.

நான் யாரையும் கேவலமா நெனைக்கறவ இல்ல கண்ணு. எங்க தெருமுனை சலூன்காரரு பொண்ணு கல்யாணத்துக்குக்கூடப் போயிட்டு வந்தேன். சாப்பிடலை, அன்னிக்கு வயிறு சரியில்ல. ஆனா ஆளாளுக்கு ஒரு மொறை இருக்குதுல்ல? எங்க அப்பாரு ஊர்ல பெரியதனக்காரரு. அவரு மாப்பிள்ளை இப்படி வீடு வீடாப் போயா? அன்னிக்கு இவரு வந்ததும் வாசல்லயே நிறுத்திக் கேட்டேன். ஆமான்னாரு.

"நீங்க எதுக்குப் போகணும்? அதுக்குன்னு ஆளுங்க இல்ல?"

"அவரு விட மாட்டேங்கறாரு சுலோ. நானே போனப்ப மூணு நாள் தட்டி விட்டாரு. நாலாவது நாள்தான் விட்டாரு."

"எச்சி ஒழுகற கெழவன். உங்களுக்கு அருவருப்பா இல்ல?"

துணிப்பையைக் கீழ வெச்சாரு. அப்புறம் சொன்னாரு: "அவருக்கு எடது கன்னத்துல உணர்ச்சி இல்ல. வலது பக்கம் மட்டுந்தான் தெரியுது. அந்தப் பக்கம் நுரை பட்டா கண்ணை மூடிக்குவாரு. அதுக்கோசரம் அங்க ரெண்டு சுத்து சேத்து விடுவேன்."

கேட்ட கேள்விக்கு இதா பதிலு? இந்த மனுசங்கிட்டப் பேசிப் பிரயோசனமில்லன்னு விட்டுட்டேன்.

தையில சிந்துஜாவுக்கு ஆம்பளப் புள்ளை பொறந்துச்சு. ஆஸ்பத்திரியில இருந்து இங்கதான் கூட்டிட்டு வந்தோம். புள்ளைக்குப் பன்னெண்டாவது நாளு, காத்தால போனு. குணசீலன்தான். சுபேதாரு தூக்கத்துலயே போயிட்டாராம். "சார், கடைசியா ஒரு தடவை... வேற யாரையும் தொட விட வேண்டாம்னு அம்மா சொல்றாங்க"ன்னு அழுகறாரு.

இவரு துணிப்பையை எடுத்துட்டாரு. நான் வாசலை மறிச்சுக்கிட்டு நின்னேன். "பச்சைப்புள்ளை இருக்கிற வீடுங்க. பொணத்துக்குச் சவரம் பண்ணிட்டு இந்தப் படியேறக் கூடாது. போனா அப்படியே போயிருங்க"ன்னேன். ஆத்திரத்துல வந்துருச்சு. என்னைச் சுத்திக்கிட்டுப் போயிட்டாரு.

எனக்கு இருப்புக் கொள்ளல. புள்ளைக்கு எண்ணெய் தேய்ச்சேன், பாதியில விட்டேன். பால் பொங்கி வழிஞ்சுது. சிந்துஜா, "போய்ட்டுத்தான் வாயேம்மா, நான் பாத்துக்கறேன்"னா. ரெண்டு தெரு தள்ளி துக்கம், போகலைன்னா நாலு பேரு என்ன சொல்லுவாங்கன்னுதான் போனேன். வேற ஒண்ணுமில்ல.

நடுக்கூடத்துல கெடத்தியிருந்தாங்க. மிலிட்டரி டிரெஸ்ஸு, நெஞ்சுல மெடலு. மூஞ்சி... சும்மா சொல்லக் கூடாதுங்க, பெருசுங்க மூஞ்சி அப்படி இருந்து நான் பாத்ததில்ல. ஒரு கீறல் கெடையாது. மழமழன்னு, எங்கியோ கெளம்பற மனுசன் மாதிரி இருந்தாரு. எங்க வீட்டுக்காரரு வீட்டுக்குப் பின்னால பொடக்காளியில, குழாயடியில குனிஞ்சு பிரஷ்ஷைக் கழுவிட்டு இருக்காரு. கதவு தெறந்திருக்குது, எனக்கு அவரு முதுகு தெரியுது.

சுபேதாரு சம்சாரம் ரெஜினாம்மா, நான் யாருன்னு தெரிஞ்சதும் என் ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டாங்க. ஈரக்கை. எனக்கு உடம்பு கூசுச்சு, உருவ முடியல.

"தாயி, உங்க வீட்டுக்காரரு அன்னிக்கு மழையில வந்து நின்னாரு. பஸ்ஸுல பையை மறந்து வெச்சுட்டேன், பிரஷ் போயிருச்சு, எம் புத்தி கெட்டுப்போச்சுன்னு இந்த வாசல்ல நின்னு அழுதாரு. பெரிய மனுசன் அப்படி அழுது நான் பாத்ததில்ல. போனாப் போவுதுன்னு நான்தான் உக்கார வெச்சுக் காப்பி குடுத்தேன். மறுநாள் காத்தால தம் பிரஷ்ஷை எடுத்துட்டு வந்துட்டாரு. மூணு மாசம் தாயி. என் வீட்டுக்காரரு மனுசனாப் போயிருக்காரு."

பஸ்ஸுல மறந்துட்டாராம்! பாருங்க கண்ணு, படுக்கையில ஆளு கெடக்கற வீட்டுல போய் எப்படி ஒரு பொய்யி. முப்பத்தெட்டு வருசம் குடித்தனம் பண்ணினவ நான், இவ்வளவு துணிஞ்சு பொய் பேசுவாருன்னு எனக்கே தெரியாது.

அந்தம்மா விடல. "பிரஷ்ஷைத் தொலைச்சதுக்கு நீங்களும் திட்டியிருப்பீங்க. பாவம், மனசுல வெச்சுக்காதீங்க தாயி, மன்னிச்சுருங்க அவரை"ங்கறாங்க.

சுத்தி அத்தனை பொம்பளைங்களும் என்னையே பாக்கறாங்க. குழாயடியில தண்ணிச் சத்தம் நின்னு போச்சு.

"நான் அப்பவே மன்னிச்சுட்டேனுங்க"ன்னேன்.

வேற என்ன சொல்றது? சொல்லுங்க. எழவு வீட்டுல நின்னு, குப்பை வண்டி, வளைகாப்புன்னு கதை பேச முடியுமா? அவரு திரும்பிப் பாக்கல. முதுகு மட்டும் அப்படியே இருந்துச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி குழாயைத் தெறந்தாரு.

அடக்கம் முடிஞ்சு ஸ்கூட்டர்ல கூட்டிட்டு வந்தாரு. வழியெல்லாம் நான் காத்துட்டே வந்தேன். இப்பக் கேப்பாரு, இந்த ஸ்பீட் பிரேக்கர் தாண்டுனதும் கேப்பாரு, சிக்னல்ல நிக்கறப்பக் கேப்பாருன்னு. கேட்டா என்ன சொல்லணும்னு எல்லாம் தயார் பண்ணி வெச்சிருந்தேன். பள்ளம் வந்தப்ப மட்டும், "புடிச்சுக்கோ"ன்னாரு.

வீட்டு கேட்டுகிட்ட வண்டியை நிறுத்திட்டு வெளியவே நின்னுட்டாரு. உள்ள வரல. எதுக்கு நிக்கறீங்கன்னு கேக்க வாயெடுத்தேன், காத்தால நான் சொன்னது ஞாபகம் வந்துருச்சு. உள்ள புள்ளை அழுவுது. தெருவுல போறவங்க பாக்கறாங்க.

"சந்து வழியா பொடக்காளிக்கு வாங்க, வெந்நி வெக்கறேன்"னேன்.

துணிதொவைக்கிற கல்லு மேல உக்காந்தாரு. நான் எட்டத்துல நின்னு தலையில ஊத்துனேன். நானும் குளிக்கத்தானே போறேன், தீட்டு ரெண்டு பேருக்குந்தானே, அதனாலதான் ஊத்துனேன். ஊத்த ஊத்தத்தான் பாத்தேன், முழங்கைக்கு மேல ஒரு எடத்துல சோப்பு நுரை காஞ்சு ஒட்டியிருக்குது. வெள்ளையா, ஒரு ரூபாய் அகலத்துக்கு. சுபேதாரு மூஞ்சியில இருந்தது. ஊத்துனா போகல. அதுக்குள்ள ரெண்டு வெள்ளை முடி.

அவருக்குத் தெரியல. கண்ணை மூடிக்கிட்டு உக்காந்திருக்காரு. குச்சி எடுத்துச் சொரண்டலாமான்னு சுத்திப் பாத்தேன். ஒண்ணும் கெடைக்கல. கையை வெச்சேன். என் கையைத்தான். கவர் இல்ல, ஒண்ணுமில்ல. வவுத்தைப் பொரட்டிட்டு வந்துச்சு கண்ணு, வாய் வரைக்கும் வந்துருச்சு. முழுங்கிக்கிட்டுத் தேய்ச்சேன். அது நனைஞ்சு மறுபடியும் வழவழன்னு நுரையாகி என் விரலுக்கு நடுவுல வந்துச்சு. நிறுத்தல. அந்த எடம் போன பொறகும் தேய்ச்சுட்டே இருந்திருக்கேன், எவ்வளவு நேரம்னு தெரியல.

அப்பவாவது கேப்பாருன்னு நெனைச்சேன். கண்ணைத் தெறந்தாரு. தன் கையைப் பாத்தாரு, என் கையைப் பாத்தாரு.

"முதுகுல இன்னும் ஊத்தல சுலோ"ன்னாரு.

ஊத்துனேன்.